டிஸ்னி வேர்ல்டுக்கு மலிவு டிக்கெட் எங்கே கிடைக்கும்?

"ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு மலிவு டிக்கெட் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தால், உங்களுக்குத் தேவைப்படும் பதில் டிக்கெட்டோடு நிற்கவில்லை என்று தெரிகிறது. நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு வரும் அக்டோபரில் 3 வயது முடிகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா செப்டம்பர் கடைசி வரை உங்களோடு இருப்பார்கள். ஜூலையில் ஒரு வாரம், அதில் 6 நாள் பார்க் என்று திட்டம் போட்டு, கூட்டிப் பார்த்து, மலைத்துப்போய் எழுதியிருக்கிறீர்கள். ஆக, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் குறை தெரியாமல் இந்தச் செலவை எங்கே இறக்கலாம் என்பதுதான் கேள்வி. நான் ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கத்தில் பல வருடமாக டிஸ்னி பயணங்களை முன்பதிவு செய்து கொடுக்கும் ஏஜென்ட் வேலையில் இருப்பவன். நம் ஊர்க் குடும்பங்கள் நிறைய வருவதால், எங்கே பணம் கரைகிறது என்பது ஓரளவு தெரியும்.

டிக்கெட் தள்ளுபடியை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. டிஸ்னி அங்கீகரித்த விற்பனையாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அண்டர்கவர் டூரிஸ்ட் அதில் பலருக்கும் தெரிந்த பெயர். பல நாள் டிக்கெட்டாக வாங்கினால் அங்கே கொஞ்சம் குறையும். டிஸ்னியின் தளத்தில் தெரியும் விலைக்கு மேல் 6.5 சதவீத வரி வரும் என்பதால், இரண்டு இடத்திலும் வரி சேர்த்த கடைசித் தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். சாம்ஸ் கிளப் போன்ற கடைகளில் டிஸ்னி கிஃப்ட் கார்டு சில சமயம் முகமதிப்பைவிடச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், அதுவும் சில டாலர்தான். "ரெண்டு நாள் போனோம், மிச்சம் ரெண்டு நாள் பாக்கி இருக்கு" என்று யாராவது டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள். அது கைமாற்றக் கூடாத டிக்கெட், வாசலில் விரல் வைக்கச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். 192 சாலையிலும் இன்டர்நேஷனல் டிரைவிலும் "டிஸ்னி டிக்கெட் இலவசம்" என்று பலகை வைத்திருப்பவர்கள் டைம்ஷேர், அதாவது விடுமுறை வீட்டில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை, விற்கிறவர்கள். குளிரூட்டிய அறையில் காலை உணவு கொடுத்து உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆளாகப் பார்த்துப் பேசுவார்கள். அந்த அரை நாளில் நீங்கள் ஒரு பார்க்கில் பாதியைப் பார்த்துவிடலாம்.

பணம் உண்மையில் இறங்குவது தேதியில். 2018 அக்டோபரிலிருந்து டிஸ்னியில் நாளுக்கு ஒரு விலை. 2025-ல் ஒருநாள் டிக்கெட் மலிவான நாளில் 119 டாலர், கிறிஸ்துமஸ் வாரத்து மேஜிக் கிங்டமுக்கு 199 டாலர். ஹோட்டல் விலையும் இதே போக்கில்தான் ஏறி இறங்கும். உங்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம். ஃப்ளோரிடாவில் ஆகஸ்ட் 10 வாக்கில் பள்ளி திறந்துவிடும், தெற்கு மாநிலங்கள் பலவற்றிலும் அப்படித்தான். உங்கள் பக்கம் பெரும்பாலும் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே முடிந்துதான் பள்ளி. இந்த இடைவெளி வடகிழக்கு மாநிலக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் சலுகை மாதிரி. டெக்சாஸிலிருந்து யாராவது கேட்டால் இதை என்னால் சொல்ல முடியாது. அப்பா, அம்மாவும் அப்போது இருப்பார்கள். சின்னவளுக்கும் 3 வயது முடிந்திருக்காது. 3 வயதுக்குள் டிக்கெட்டே வேண்டாம், 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட் என்று பேர்தான், பெரியவர்கள் விலையிலிருந்து சில டாலர்தான் குறையும். அதனால் அக்டோபருக்கு முன்னால் போவது மட்டுமே உங்களுக்கு ஒரு முழு டிக்கெட்டை மிச்சப்படுத்துகிறது. எந்தத் தள்ளுபடித் தளமும் இவ்வளவு தராது. தள்ளிப்போட்டு நவம்பர் முதல் வாரத்துக்கு மட்டும் வராதீர்கள். ஆசிரியர் மாநாட்டு விடுமுறைக்கு நியூ ஜெர்சி பாதி இங்கே வந்துவிடும், நாங்கள் அதை ஜெர்சி வீக் என்றே சொல்வோம்.

ஆகஸ்டின் கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். சென்னை மே மாதத்தோடு புழுக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் வெயில். மத்தியானம் 2, 3 மணிக்கு இடியோடு மழை கொட்டும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. டிஸ்னியிடம் நேரடியாக எடுத்த ஹோட்டல் அல்லது பேக்கேஜ் என்றால், நீங்கள் வந்து சேர வேண்டிய நாளுக்கு 7 நாளுக்குள் ஆர்லாண்டோவுக்கோ நீங்கள் வசிக்கும் ஊருக்கோ தேசியப் புயல் மையம் எச்சரிக்கை விட்டால் அபராதம் இல்லாமல் தள்ளிப்போடலாம். வெளி வாடகை வீடு, விமானம் எல்லாம் அதில் அடங்காது, அவற்றின் ரத்து விதிகளைத் தனியாகப் படியுங்கள். கூட்டம் எவ்வளவு இருக்கும் என்பதை மட்டும் யார் சொன்னாலும் அரை நம்பிக்கையோடு கேளுங்கள், நான் சொன்னாலும்தான். ஜூலை 4 என்றால் நிற்க இடமிருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தோம், சமீப வருடங்களில் அன்று வரிசைகள் எதிர்பாராத அளவுக்குக் குறைந்தன. தேதியை விலை பார்த்துத் தேர்ந்தெடுங்கள், கூட்டத்தைப் பார்த்து அல்ல. விலை கண்ணுக்குத் தெரிகிறது, கூட்டம் வெறும் ஊகம்.

அடுத்து, 6 நாள் பார்க். இங்கேதான் பெரும்பாலானவர்கள் சிக்குகிறார்கள். டிக்கெட் விலையை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்: முதல் நான்கு நாள் வரை நன்றாக ஏறும், ஐந்தாம் நாளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் டாலர்தான் கூடும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் ரெண்டு நாள் சும்மா கிடைக்குது" என்று தோன்றும். சும்மா கிடைப்பது வாசலைத் தாண்டும் உரிமை மட்டும்தான். அந்த நாளுக்குத் தங்கும் செலவு, ஆறு பேர் சாப்பாடு, பார்க்கிங், வரிசையைத் தாண்டும் பாஸ், வெளியே வரும் வழியில் இருக்கும் பொம்மைக் கடை எல்லாம் சேரும். உங்கள் அளவு குடும்பத்துக்கு ஒரு கூடுதல் நாள் 400, 500 டாலருக்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று மொத்தம் நான்கு பார்க். நான்கு நாள் டிக்கெட் போதும். அதை 7 நாள் இடைவெளிக்குள் பயன்படுத்தலாம் என்பதால் நடுவில் ஒருநாள் நீச்சல் குளம், தூக்கம் என்று விட்டுவிடுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே நாளில் பார்க் மாறும் பார்க் ஹாப்பர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மாறுவதற்குள் மத்தியானமே போய்விடும்.

எல்லாருக்கும் ஒரே அளவு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அப்பா, அம்மாவுக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும். மேஜிக் கிங்டம் ஒன்று, அனிமல் கிங்டம் ஒன்று. இரண்டாவதில் கிலிமஞ்சாரோ சஃபாரி வண்டியில் உட்கார்ந்தபடியே சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். மகாராஜா ஜங்கிள் டிரெக் என்ற நடைபாதையில் புலி உண்டு, சுற்றியுள்ள சுவர்களை நம் ஊர்ப் பாழடைந்த அரண்மனை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். வயதானவர்கள் வரிசையில் நிற்க அலுத்துக்கொள்ள மாட்டார்கள், திருப்பதியில் நின்ற கால்கள். வெயில்தான் அவர்களைப் படுத்தும். அதனால் காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்புகிற மாதிரி வையுங்கள். சக்கர நாற்காலி பார்க்கில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அது வைத்திருந்தால் வரிசையில் முன்னே விடுவார்கள் என்று நம்பி வராதீர்கள், பெரும்பாலான ரைடுகளில் எல்லாரும் நிற்கும் அதே வரிசைதான். ஒரு விஷயம் கவனம்: ஹோட்டலையும் டிக்கெட்டையும் டிஸ்னியில் ஒரே பேக்கேஜாக எடுத்தால் அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக்கெட்தான் போடுவார்கள். தாத்தா, பாட்டிக்குக் குறைந்த நாள் வேண்டுமென்றால் அறை தனி, டிக்கெட் தனி என்று வாங்குங்கள்.

தங்கும் இடத்தில் என் கருத்து ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும். நீங்கள் நான்கு பேராக இருந்தால் டிஸ்னியின் மலிவு ஹோட்டல்களான ஆல்-ஸ்டார் அல்லது பாப் செஞ்சுரி என்று சொல்லியிருப்பேன். பார்க் வாசல் வரை இலவச பஸ், பார்க்கிங் இலவசம், மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்னால் உள்ளே விடுவார்கள். வந்து இறங்கும் நாளில் வாட்டர் பார்க் இலவசம் என்ற சலுகையும் 2025-ல் சேர்ந்தது, உங்கள் தேதிக்கு அது உண்டா என்று பார்த்துக்கொண்டால் அன்றைக்குப் பார்க் டிக்கெட்டைச் செலவழிக்காமல் குழந்தைகளைத் தண்ணீரில் விடலாம். ஆறு பேர் என்றால் கணக்கு வேறு. சாதாரண அறையில் நான்கு பேர்தான் தங்கலாம், இரண்டு அறை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விலை கூடிய ஃபேமிலி சூட். டிஸ்னிக்குப் பக்கத்து ஊர்களான கிஸ்ஸிமி, டேவன்போர்ட்டில் மூன்று படுக்கையறை வாடகை வீடே அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். அடுப்பு, ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் இருக்கும், அம்மாவுக்குக் காலையில் தன் கையால் காபி. விளம்பரத்தில் தெரியும் ஒரு இரவு வாடகையைப் பார்த்து மயங்காதீர்கள். சுத்தம் செய்யும் கட்டணம், தளத்தின் கட்டணம், வரி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தங்கும் வரி ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுன்டியில் 12.5 சதவீதம், கிஸ்ஸிமி இருக்கும் ஆசியோலா கவுன்டியில் 13.5. நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சூடாக்க நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் பில்லில் வரும், ஆகஸ்டில் அதை யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹோட்டல் எடுத்தால் ரிசார்ட் கட்டணம், பார்க்கிங் கட்டணம் இரண்டையும் கேளுங்கள். 2025 மே மாதத்திலிருந்து கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கார் நிறுத்துவது கட்டாயம் இல்லை என்பதால் அது அதில் வராது.

வெளியே தங்குவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை நேரம். மேஜிக் கிங்டமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்தும் இடத்துக்கும் பார்க் வாசலுக்கும் நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. காரை விட்டு இறங்கி, டிராமிலோ நடந்தோ போக்குவரத்து மையம் வரை வந்து, பை சோதனை முடித்து, மோனோரெயில் அல்லது படகு பிடித்துத்தான் அக்கரை போக வேண்டும். ஊபரும் அந்த மையத்தில்தான் இறக்கிவிடும். ஸ்ட்ரோலரோடும் வயதானவர்களோடும் இதற்கு முக்கால் மணி நேரம் வையுங்கள். 9 மணிக்குத் திறக்கும் பார்க்குக்கு 8 மணிக்கே காரை நிறுத்தியிருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு வந்து சேர்கின்றன. அப்போது எல்லா வரிசையும் ஏறியிருக்கும், வேறு வழியில்லாமல் போனை எடுத்துப் பாஸ் வாங்குகிறார்கள்.

அந்தப் பாஸ் விஷயம்: 1999 முதல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாக இருந்தது, 2021-ல் காசாயிற்று, 2024 ஜூலையிலிருந்து லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று பெயர். விலை நாளுக்கும் பார்க்குக்கும் மாறும், ஆளுக்கு 20, 30 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறை நாட்களில் இன்னும் ஏறும். ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் மாதிரியான சில ரைடுகளுக்கு அது செல்லாது, தனியாக ஒவ்வொன்றுக்கும் காசு. என் அபிப்பிராயம், நான்கு நாளில் மேஜிக் கிங்டம் அன்று மட்டும் மல்டி பாஸ் வாங்குங்கள். அங்கே குழந்தைகளுக்கான ரைடு நிறைய, போட்ட காசு திரும்பும். அனிமல் கிங்டமில் ரைடே குறைவு, வாங்கினால் வீண். தாத்தா, பாட்டிக்கு எங்கேயும் வேண்டாம், சின்னவளுக்குத் தேவையே இல்லை. உயரம் போதாத குழந்தை இருப்பதால் ரைடர் ஸ்விட்ச் என்று கேளுங்கள். ஒருவர் பெரியவனோடு வரிசையில் போய் வர, இன்னொருவர் குழந்தையோடு வெளியே இருப்பார். பிறகு இவர் பெரிய வரிசையில் நிற்காமல் போகலாம், பெரும்பாலும் பெரியவனும் இவரோடு இரண்டாம் முறை ஏறிக்கொள்ளலாம். காசே கிடையாது, வரிசையில் சேர்வதற்கு முன்னால் வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொன்னால் போதும். மத்தியான மழை வந்ததும் பாதிக் கூட்டம் கிளம்பிவிடும். கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று, மழை விட்டதும் போனால் சாயந்திரம் வரிசை நன்றாக இளகியிருக்கும். ரெயின்கோட்டை மட்டும் ஊரிலிருந்தே டாலர் கடையில் வாங்கி வாருங்கள்.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. டிஸ்னி பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரி ஐஸ், பெரிய கூலர் பெட்டி இவைதான் கூடாது. புளியோதரை, சப்பாத்தி ரோல், இட்லிப்பொடி தடவிய இட்லி எல்லாம் தாராளமாகப் போகும். அந்த வெயிலுக்குத் தயிர்சாதம் வேண்டுமென்றால் ஐஸ் பேக்கோடு எடுத்துப்போங்கள். எவர்சில்வர் டப்பாவில் போட்டால் சோதனைக் கருவி சத்தம் போட்டு ஓரமாக நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள், பிளாஸ்டிக் டப்பா என்றால் நேரே போய்விடலாம். தண்ணீர் பாட்டில் உள்ளே வாங்காதீர்கள், விரைவு உணவுக் கடை எதிலும் ஒரு கப் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். ஆரஞ்ச் ப்ளாசம் டிரெயில் சாலைப் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. வந்த அன்றே மாவு, தயிர், பால் வாங்கிவிடுங்கள். ஒருநாள் இரவு மட்டும் வெளியே சாப்பிடுவதென்றால் பார்க்குக்குள் இருக்கும் மிக்கி பஃபேயை விட்டு அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா போங்கள். நான் ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ளச் சட்னிகளும் வரும், ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும். சூரியன் இருக்கும்போதே போங்கள். பார்க் டிக்கெட் வேண்டாம், முன்பதிவு வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்களில் அதிகம் கவலைப்பட வேண்டாம். மிக்கி சட்டை, பொம்மை எல்லாம் வால்மார்ட்டிலும், பிரீமியம் அவுட்லெட்டில் இருக்கும் டிஸ்னியின் கழிவு விலைக் கடையிலும் கிடைக்கும். கோட்டை முன்னால் நிற்கும் புகைப்படக்காரர் உங்கள் போனிலேயே படம் எடுத்துத் தருவார், கேட்டால் போதும். ஆர்லாண்டோவிலேயே இருக்கும் வேறு நிறுவனத்தின் பார்க்கான யுனிவர்சலையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2025 மே மாதம் அவர்களுடைய எபிக் யுனிவர்ஸ் பார்க் திறந்ததிலிருந்து ஆசை எல்லாருக்கும் உண்டு. இரண்டரை வயதுக் குழந்தையோடு இந்த முறை வேண்டாம் என்பேன். சாப்பாட்டு மூட்டைக்கும் அங்கே கெடுபிடி அதிகம்.

டிஸ்னி ஹோட்டலில்தான் தங்குவது என்று முடிவு செய்தால், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுப்பதால் உங்களுக்குக் கூடுதல் செலவில்லை, கமிஷனை டிஸ்னி கொடுக்கிறது. பிறகு சலுகை வந்தால் அதே அறைக்குக் குறைத்துப் போடும் வேலையையும் அவர் பார்ப்பார், எந்தச் சலுகை எப்போது வரும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. கிஸ்ஸிமி வீடு என்றால் நடுவில் ஆளே வேண்டாம், நான் உட்பட. விமான நிலையத்திலிருந்து முன்பு இருந்த டிஸ்னியின் இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது, அந்த வீட்டுக்குக் கார் எடுத்தே ஆக வேண்டும். இங்கே சாலைக்குச் சாலை டோல். வாடகைக் கார் கம்பெனி கொடுக்கும் டோல் திட்டம் டோலைவிட அதிகமாக இழுத்துவிடும். டோல் கட்டுவதற்காகக் காரில் வைத்திருக்கும் உங்கள் ஜெர்சி ஈ-ஸி பாஸ் இங்கேயும் செல்லும். அதைக் கையோடு கொண்டுவந்து, வாடகைக் காரின் நம்பரை உங்கள் கணக்கில் அந்த வாரத்துக்கு மட்டும் சேர்த்து, காரைத் திருப்பிக் கொடுத்ததும் எடுத்துவிடுங்கள்.